எச்சார்: எறிவதா, போடுவதா?

வாசகர் கேள்வி. 2024 மே 19, இரவு 9.05

டெல்லியில் ஸ்பானிஷ் படிக்கிறேன். ஏ2, அதாவது தொடக்கநிலையின் இரண்டாம் படி, முடியப் போகிறது. எச்சார் என்ற வினைச்சொல் உயிரை வாங்குகிறது. வகுப்பில் 'எறி' என்று எழுதிக் கொடுத்தார்கள். பார்த்தால் தூங்குவதற்கும் அதுதான், பெட்ரோல் நிரப்புவதற்கும் அதுதான், ஒருவரைப் பிரிந்து வாடுவதற்கும் அதுதான். அகராதியில் பக்கம் பக்கமாக ஓடுகிறது. பட்டியல் போட்டு மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை என்கிறேன். மறுக்க ஆள் உண்டா?

மே 19, இரவு 11.50

மறுக்கிறேன். நானும் டெல்லியில் ஸ்பானிஷ் பேசி வேலை பார்ப்பவள்தான். பதில் உங்கள் கேள்விக்குள்ளேயே இருக்கிறது, தம்பி. 'பட்டியல் போட்டு' என்று எழுதியிருக்கிறீர்கள். பட்டியலை எங்கே போட்டீர்கள், தரையிலா? 'உயிரை வாங்குகிறது' என்றும் எழுதியிருக்கிறீர்கள். வாங்கி எந்தப் பையில் வைத்திருக்கிறது? இதையெல்லாம் நமக்கு யாரும் மனப்பாடம் செய்ய வைக்கவில்லை.

'எறி' என்று படித்ததில்தான் கோளாறு. அது ஆங்கிலத்தைச் சுற்றி வந்த அர்த்தம். தமிழிலிருந்து நேராகப் போங்கள். எச்சார் என்றால் போடு. எச்சார் கசோலினா, பெட்ரோல் போடு. எச்சார் ஸால், உப்புப் போடு. எச்சார் ஊனா சியெஸ்தா, குட்டித் தூக்கம் போடு. எச்சார் ஊனா கார்த்தா, கடிதத்தைத் தபாலில் போடு. எச்சார் லா குல்பா, பழி போடு. எச்சார் குவெந்தாஸ், கணக்குப் போடு. எச்சார் எல் ஃப்ரெனோ, பிரேக் போடு. ஸ்பெயினில் 'கே எச்சான் என் லா தெலே?' என்று கேட்டால், டிவியில் என்ன போடுகிறார்கள் என்று அர்த்தம். மாற்ற ஒரு எழுத்துகூட இல்லை.

நீங்கள் எழுதப் போகும் ஸ்பானிஷ் தகுதித் தேர்வின் (DELE) பெயரும் தெலேதான், டிவியும் தெலேதான். ஸ்பானிஷில் தேர்வுக்கு மெல்லிய 'த' (d), டிவிக்கு வல்லினத் 'த' (t). தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்று. இதை நம் எழுத்தின் குறை என்று சொல்வதா, கருணை என்று சொல்வதா, தெரியவில்லை.

மே 20, காலை 7.40

இரவுப் பணி முடிந்து வீடு வந்துவிட்டேன். வண்டியில் வரும்போதே இன்னும் சில ஞாபகத்துக்கு வந்தன. எழுதாமல் படுத்தால் தூக்கம் வராது.

எச்சார் பர்ரீகா: தொப்பை போடு! கல்யாணமாகி ஆறு மாதம் கழித்து ஊருக்குப் போகும் எல்லா மாப்பிள்ளைகளும் கேட்கிற அதே வசனம். 'என்ன மாப்ளே, தொப்பை போட்டுட்டீங்க?' ஸ்பெயின் மாமியார்களும் இதே வினைச்சொல்லை வைத்துத்தான் கேட்பார்கள். எச்சார்லே தெயாத்ரோ: சீன் போடுவது. நேராகப் பெயர்த்தால் 'அதற்கு நாடகம் போடுவது'. எச்சார் மால் தெ ஓஹோ: கண் போடுவது. 'குழந்தை மேல கண்ணு போடாதீங்க' என்று என் அத்தை சொல்வதை அப்படியே மாத்ரிதில் சொல்லலாம். எச்சார் ஊன் செர்மோன்: அறிவுரை சொல்லி அறுப்பது, அதாவது பிளேடு போடுவது.

குவாந்தோஸ் ஆன்யோஸ் மெ எச்சாஸ்? எனக்கு எத்தனை வயசு போடுவே? இதற்குப் பதில் சொல்லும்போது ஸ்பெயினிலும் ஐந்து வயது குறைத்துப் போடுவதுதான் நல்லது.

மே 22, இரவு 10.15

முதல் குறிப்பில் கொஞ்சம் அதிகமாகவே துள்ளிவிட்டேன். மும்பையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: 'அப்படியானால் சட்டை போடுவதும் எச்சார்தானா?'

இல்லை. இதில் அடிபட்டவள் என்ற முறையில் சொல்கிறேன். போடு என்ற சாவி கிடைத்த மறுவாரமே, எல்லாப் பூட்டிலும் அதைத் திணித்துப் பார்த்தேன். வகுப்பில் காலை எழுந்ததிலிருந்து என்ன செய்வாய் என்று கேட்டார்கள். குளிப்பேன், 'எச்சோ லா கமீசா' என்றேன். சட்டை போடுவேன் என்ற நினைப்பில். ஆசிரியை ஜன்னலைக் காட்டி, 'யார் தலை மேல்?' என்றார். வகுப்பே சிரித்தது. நான் சட்டையைக் கழற்றி வெளியே வீசுகிறவளாகிவிட்டேன்.

சட்டை போடுவது பொனேர்செ. ஊசி போடுவது, கோழி முட்டை போடுவது எல்லாம் பொனேர். டீ போடுவது அசேர், அதாவது செய். சண்டை போடுவதற்குத் தனி வினைச்சொல். கையெழுத்துப் போடுவதற்கு இன்னொன்று. நம் போடு பெரிய வீடு. அதில் எச்சார் ஒரு போர்ஷன், பொனேர் ஒரு போர்ஷன், மாடியில் அசேர். வாடகைக்கு இருப்பவர்கள் ஒருவர் அறைக்குள் ஒருவர் எட்டிப் பார்ப்பதும் உண்டு. டிவியில் படம் போடுவதற்கு எச்சாரும் சொல்வார்கள், பொனேரும் சொல்வார்கள்.

எப்படிப் பிரிப்பது? நான் வைத்திருக்கும் தோராயமான கணக்கு இது. கையை விட்டுப் போவது, விழுவது, உள்ளே கொட்டுவது என்றால் எச்சார். ஓர் இடத்தில் நிற்க வைப்பது, பொருத்துவது என்றால் பொனேர். உப்பு விழுகிறது, பெட்ரோல் விழுகிறது, கடிதம் பெட்டிக்குள் விழுகிறது. சட்டை உடம்பில் நிற்கிறது. பூட்டுதான் இந்தக் கணக்கில் சிக்கவில்லை. எச்சார் லா யாவே என்றால் பூட்டுப் போடுவது, ஆனால் யாவே என்பது சாவி. அவர்கள் சாவியைப் போடுகிறார்கள், நாம் பூட்டைப் போடுகிறோம். கதவு ஒன்றுதான்.

மே 30, காலை 8.20

நேற்று வெயில் 45 டிகிரியைத் தாண்டியது. முனீர்காவில் எங்கள் வரிசைக்கு நடு இரவில் கரண்ட் போனது, விடியும்போதுதான் வந்ததாம். நான் வந்து ஃபிரிட்ஜைத் திறந்தால் பால் திரிந்திருந்தது. மாமியார், 'எல்லாம் கெட்டுப் போச்சும்மா' என்றார். அந்த வார்த்தையைக் கேட்டதும் எனக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய ஓர் இரவு நினைவுக்கு வந்து வயிறு கலங்கியது.

எழுதிவிடுகிறேன். என் வேலை குருகிராமில், அமெரிக்க மருத்துவக் காப்பீட்டுக்கான ஸ்பானிஷ் தொலைபேசிச் சேவை. நிறுவனத்தின் பெயர் வேண்டாம். கூப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் மெக்சிகோவிலிருந்து வந்து டெக்சாஸ், கலிஃபோர்னியா பக்கம் குடியேறியவர்கள். நான் சேர்ந்து மூன்று வாரம். ஒரு வயதான அம்மா கூப்பிட்டார். குரலைக் கேட்டாலே என் பாட்டி ஞாபகம். அவர் சொன்னது: 'லா இன்சுலீனா செ எச்சோ அ பெர்தேர்.' எனக்கு அப்போது தெரிந்தது எச்சார் என்றால் எறி, பெர்தேர் என்றால் தொலை. இரண்டையும் கூட்டி, 'வாடிக்கையாளர் இன்சுலினை எறிந்து தொலைத்துவிட்டார், மாற்று மருந்து கேட்கிறார்' என்று பதிவு செய்தேன். எறிந்து தொலைத்தவருக்கு யார் மாற்று மருந்து தருவார்கள்? மறுத்துவிட்டார்கள்.

அந்த அம்மா மறுபடி கூப்பிட்டு, ஒலிப்பதிவு தர சோதனைக்குப் போய், மேலாளர் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். எச்சார் அ பெர்தேர் என்றால் கெடுத்துவிடுவது. எச்சார்செ அ பெர்தேர் என்றால் கெட்டுப் போவது. அவர் வீட்டில் கரண்ட் போயிருக்கிறது, ஃபிரிட்ஜ் நின்றிருக்கிறது, மருந்து கெட்டுப் போயிருக்கிறது. அவ்வளவுதான். அதற்கு முந்தைய வாக்கியத்திலேயே 'செ ஃபுவே லா லூஸ்' என்று சொல்லியிருந்தார். லைட் போயிடுச்சு! இதைவிடத் தமிழாக ஒருவர் ஸ்பானிஷ் பேச முடியாது. நான்தான் ஆங்கிலத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

மருந்து அவருக்குப் பிறகு கிடைத்தது. எனக்கு ஓர் எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. எச்சாரால் வந்த எச்சரிக்கை என்று என் கணவர் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார். எனக்கு அது அவ்வளவு சிரிப்பாக இல்லை.

போடு, போ இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 'கெடுத்துப் போட்டான்' என்றால் ஆள் இருக்கிறான். 'கெட்டுப் போச்சு' என்றால் ஆள் இல்லை, தானாக நடந்தது. ஸ்பானிஷில் இந்த வேலையைச் செய்வது 'செ' என்ற ஒற்றை அசை. அந்த அசையை நான் காதில் வாங்காததால்தான் அந்த அம்மா எறிந்தவர் ஆனார்.

மே 31, இரவு 9.30

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். கணவரிடம் அந்தக் கதையை மறுபடி சொல்லும்போது குரல் காதில் வந்தது. அவர் சொன்னது வெறும் 'செ எச்சோ' அல்ல, 'செ மெ எச்சோ'. நடுவில் ஒரு 'மெ', எனக்கு. அதாவது கெட்டுப் போனது மருந்து, கஷ்டம் எனக்கு, குற்றம் யாருடையதும் அல்ல. தட்டு உடைந்தாலும் இப்படித்தான், 'செ மெ காயோ' என்பார்கள். நம் வீட்டில் 'கைதவறி விழுந்திடுச்சு' என்பது போல. தட்டுதான் விழுந்தது, நான் போடவில்லை. உலகத்தில் எல்லாச் சமையலறையிலும் தட்டு தானாகத்தான் விழுகிறது.

இன்னொன்று. எச்சோ என்று தமிழில் எழுதுவதில் ஆபத்து உண்டு. முதல் அசையை அழுத்தினால் 'நான் போடுகிறேன்'. கடைசி அசையை அழுத்தினால் 'அவர் போட்டார்'. போதாததற்கு 'செய்யப்பட்டது, நடந்த உண்மை' என்ற பொருளில் இன்னொரு எச்சோ இருக்கிறது. அதற்கு எழுத்தில் முன்னால் ஓர் ஊமை 'ஹ' உண்டு, வாயில் வராது. அதன் வேர் ஃபகெரே என்ற லத்தீன் சொல், செய் என்று அர்த்தம். ஸ்பானியப் பிள்ளைகளே இந்த 'ஹ'வை எங்கே போடுவது என்று தெரியாமல் பள்ளியில் மதிப்பெண் இழக்கிறார்கள். நமக்கு ல, ள, ழ மாதிரி.

ஜூன் 2, மாலை 6.10

ஒரு குட்டிக் குறிப்பு. இன்று மலை மந்திர் முருகன் கோவிலுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது பெட்ரோல் பங்கில் நின்றோம். என் கணவர், 'பாஞ்ச் ஸௌ கா டால் தோ' என்றார். ஐந்நூறுக்குப் போடு. டால்னா! நமக் டால்னா, உப்புப் போடு. நஸர் டால்னா, நோட்டம் விடு. மார் டாலா, கொன்று போட்டான். இந்தியும் இதே குடும்பக் குணத்தோடு இருக்கிறது. டெல்லியில் இருந்துகொண்டு எச்சாருக்கு ஆங்கிலத்தில் அர்த்தம் எழுதி வைத்திருந்த என்னை என்ன சொல்வது.

ஜூன் 8, பிற்பகல் 3.00

சனிக்கிழமை, வீட்டில் எல்லோரும் ஒரு தூக்கம் போட்டிருக்கிறார்கள். இந்த நேரத்தில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எச்சாரில் பாதிக்குத்தான் போடு. மறுபாதிக்கு விடு.

எச்சார் ஊமோ, புகை விடு. எச்சார் ராயீஸெஸ், வேர் விடு. எச்சார் ஓஹாஸ், இலை விடு. எச்சார் ஊன் விஸ்தாஸோ, ஒரு நோட்டம் விடு. உள்ளேயிருந்து வெளியே வருவதற்கெல்லாம் நாம் விடு என்கிறோம், அவர்கள் எச்சார் என்கிறார்கள். செடியும் அடுப்பும் கண்ணும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன போலிருக்கிறது.

வேர் பற்றி ஒரு விஷயம். எச்சார் ராயீஸெஸ் என்றால் ஓர் ஊரில் நிலைத்துவிடுவது. எங்கள் மாமனார் 1970களில் அரசு வேலைக்கு வந்தவர். கரோல் பாகில் ஒண்டுக் குடித்தனம், அப்புறம் ஆர்.கே. புரத்தில் அரசுக் குடியிருப்பு, கடைசியில் முனீர்கா. இத்தனை வருடம் கழித்தும் 'ரிட்டயர் ஆனதும் ஊருக்குப் போயிடணும்னு இருந்தேன்' என்றுதான் பேச்சைத் தொடங்குவார். ஓய்வு பெற்று இருபது வருடம் ஆகிறது. பால்கனித் தொட்டியில் கறிவேப்பிலை இரண்டு ஆள் உயரம். அது வேர் விட்டுவிட்டது, இவர் ஒப்புக்கொள்ளவில்லை.

எச்சார் ஊனா மானோ மட்டும் இரண்டிலும் சேராது. மானோ என்றால் கை. நாம் கை கொடுக்கிறோம், அவர்கள் கை போடுகிறார்கள். தமிழில் கை போடு என்று சொல்லிப் பாருங்கள், அடி விழும். ஆகையால் இதைத் தனியாகத்தான் படிக்க வேண்டும். கேள்வி கேட்ட தம்பிக்கு இந்த ஒரு இடத்தில் வெற்றி.

ஜூன் 9, காலை 11.00

கிறிஸ்தவத் தோழி ஒருத்தி நேற்றுக் குறிப்பைப் படித்துவிட்டுத் தொலைபேசியில் பிடித்தாள். மத்தேயு 7:6, 'உங்கள் முத்துகளைப் பன்றிகள்முன் போடாதேயுங்கள்.' தமிழ் பைபிளிலும் போடு, ஸ்பானிஷ் பைபிளிலும் எச்சார். சங்கீதம் 22:18-இல் உடைக்காகச் சீட்டுப் போடுகிறார்கள், ஸ்பானிஷில் எச்சரோன் சுவெர்த்தேஸ். மொழிபெயர்த்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்ததுகூட இல்லை.

பேச்சு வழக்கில் ஸ்பானியர்கள் பன்றிக்குப் போடுவது மார்கரீத்தாஸ். இன்றைக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் மனதில் வருவது வெள்ளைப் பூ. ஆனால் லத்தீனில் மார்கரீத்தா என்றால் முத்து. முத்து எப்போதோ பூவாக மாறிவிட்டது, பன்றிக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்கும் கடைசியில் பூதான் கிடைத்தது, குரங்கு கையில்.

ஜூன் 16, இரவு 11.30

எச்சார் தெ மெனோஸ். இதை இத்தனை நாள் தள்ளிப் போட்டதற்குக் காரணம் உண்டு. எனக்கே புரியவில்லை. தெ எச்சோ தெ மெனோஸ்: உன்னைப் பிரிந்து வாடுகிறேன், நீ இல்லாதது என்னவோ போல் இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை எடுத்தால், 'உன்னைக் குறைவிலிருந்து போடுகிறேன்.' போடுவும் இல்லை, விடுவும் இல்லை. என் கொள்கை உடைகிற இடம் இதுதான் என்று ஒதுக்கி வைத்திருந்தேன்.

நேற்று வகுப்பில் ஆசிரியை சொன்ன விளக்கத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்துவிட்டேன். இது எச்சாரே இல்லை! போர்த்துகீசிய மொழியில் அஷார் என்று ஒரு வினைச்சொல், கண்டுபிடி என்று அர்த்தம். அஷார் மெனோஸ் என்றால் 'குறைவதாகக் காண்'. எண்ணிப் பார்க்கும்போது ஒன்று குறைகிறது, அது நீ. பழைய ஸ்பானிஷில் இதற்குச் சமமாக ஆய்யார் மெனோஸ் இருந்தது. போர்த்துகீசியத் தொடர் ஸ்பெயினுக்குள் வந்தபோது, அஷார் காதுக்கு எச்சார் போல் ஒலித்தது, அப்படியே எழுதிவிட்டார்கள். 'தெ' பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. உண்மையான எச்சாரோ லத்தீன் யக்தாரேயிலிருந்து வந்தது, வீசு என்று பொருள். இரண்டுக்கும் ரத்த உறவே கிடையாது. பெயர் ஒற்றுமையில் வீட்டுக்குள் வந்துவிட்ட விருந்தாளி.

இதில் எனக்குப் பிடித்தது அடுத்தது. அஷார், ஆய்யார் இரண்டும் லத்தீன் அஃப்லாரேயின் பிள்ளைகள். அதற்கு மூச்சு விடுவது என்று பொருள். வேட்டை நாய் மூச்சு இழுத்து மோப்பம் பிடிப்பதிலிருந்து, கண்டுபிடிப்பது என்ற அர்த்தம் வந்ததாகச் சொல்கிறார்கள்.

இன்று திருநெல்வேலிக்குப் பேசினேன். அம்மா சொன்னாள்: 'பாட்டிக்கு உன்னையத் தேடுதுட்டீ. ஒரு எட்டு வந்துட்டுப் போ.' ஆயிரம் தடவை கேட்ட வாக்கியம். தேடுது. பிரிந்து வாடுவதற்கு நாம் தேடு என்கிறோம். அவர்கள் காண் என்கிறார்கள், குறைவாகக் காண். தேடியும் காணவில்லை என்பதன் முதல் பாதி நம்மிடம், இரண்டாம் பாதி அவர்களிடம். போனை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

ஜூன் 17, காலை 8.00

சேர்க்க மறந்தது. மெக்சிகோக்காரர்களிடம் எச்சார் தெ மெனோஸ் சொன்னால் புரியும், ஆனால் அவர்கள் வாயில் வருவது எஸ்த்ரன்யார். தெ எஸ்த்ரன்யோ. மெக்சிகோக் கவிஞர் ஒக்தாவியோ பாஸ் 1962 முதல் 1968 வரை மெக்சிகோவின் தூதராக இந்த டெல்லியில் இருந்தார். தன் நாட்டில் மாணவர்களைச் சுட்டதைக் கண்டித்துப் பதவியைத் துறந்து கிளம்பினார். இந்த ஊரை அவர் தேடியிருந்தால் எஸ்த்ரன்யார் என்றுதான் தேடியிருப்பார்.

ஜூன் 23, பிற்பகல் 1.45

மெக்சிகோ பற்றிக் கேட்டிருக்கிறார்கள். ஸ்பானிஷ் 20 நாடுகளில் ஆட்சிமொழி. ஸ்பெயின் பாடப்புத்தகத்தை மட்டும் வைத்துக்கொண்டு அமெரிக்காவுக்குப் போன் பேசினால் என் கதிதான்.

எச்சலே கானாஸ்: மனசு வெச்சுப் பண்ணு. கானாஸ் என்றால் ஆசை, வேகம். மேலே எழுதிய அந்த அம்மா, இரண்டாவது முறை பேசியபோது, என் ஸ்பானிஷ் தடுமாறுவதைக் கேட்டு 'எச்சலே கானாஸ், மிஹா' என்றார். மிஹா என்றால் என் மகளே. அவர் மருந்தை மறுத்தவளிடம்.

எச்சார் லா ஸால்: எச்சார் ஸால் என்பது சாம்பாருக்கு உப்புப் போடுவது. நடுவில் 'லா' வந்தால் மெக்சிகோவில் அபசகுனம், ஒருவர் மேல் துரதிருஷ்டத்தைப் போடுவது. இங்கே என் மாமியார் உப்பும் மிளகாயும் சுற்றிப் போட்டுத்தான் திருஷ்டியைப் போக்குகிறார். அங்கே உப்புப் போட்டால் திருஷ்டி வரும், இங்கே போட்டால் போகும். இந்த இரண்டு வீட்டுக்கும் சம்பந்தம் பேசக் கூடாது.

இன்னொன்று, தேர்வில் எழுதிவிடாதீர்கள். செ லோ எச்சரோன். அவனைப் போட்டுத் தள்ளிட்டாங்க. சென்னை ரவுடிப் படங்களில் வருகிற அதே போடு. ஆனால் எச்சார்செ ஊன் தாக்கோ என்றால் ஒரு தாக்கோ சாப்பிடுவது. ஆளைப் போடுவதா, ஆகாரத்தைப் போடுவதா என்பது பின்னால் வருகிற சொல்லைப் பொறுத்தது. நாமும் 'ரெண்டு இட்லியைப் போட்டுட்டு வரேன்' என்கிறோம்.

ஜூலை 6, இரவு 10.40

எச்சார் லா காசா போர் லா வெந்தானா. வீட்டையே ஜன்னல் வழியாக வீசுவது, அதாவது செலவைப் பார்க்காமல் வாரி இறைப்பது. இங்கே மட்டும் 'எறி'தான் சரி, போடு என்றால் காட்சி வராது. மூன்றாம் கார்லோஸ் மன்னர் 1763-இல் ஸ்பெயினில் லாட்டரியைத் தொடங்கினார். பரிசு விழுந்தவர்கள் பழைய தட்டுமுட்டுச் சாமான்களை ஜன்னல் வழியாக வெளியே எறிந்ததால் இந்த வழக்கு வந்தது என்று ஒரு கதை உண்டு. கதை அழகாக இருக்கிறது, அதனாலேயே எனக்குக் கொஞ்சம் சந்தேகம்.

போன வாரம் ஜனக்புரியில் ஒரு பஞ்சாபி நிச்சயதார்த்தத்துக்குப் போயிருந்தேன். இனிப்பு மட்டும் பதினான்கு வகை, நடுவில் ஐஸில் செதுக்கிய மயில். வீடு ஜன்னல் வழியாகப் போவதை நேரில் பார்த்த மாதிரி இருந்தது. மயில் ஜூலை வெக்கையில் அரை மணி நேரத்தில் வாத்தாகிவிட்டது.

ஜூலை 7, காலை 9.15

ஒரு வாசகர் என்னை மடக்கியிருக்கிறார்: 'ஓட ஆரம்பித்தான் என்பதற்கு எச்சோ அ கொர்ரேர் என்கிறார்கள். அங்கே போடு எங்கே வருகிறது?' வரவில்லை. நாம் ஓட்டம் எடுக்கிறோம். எச்சார் அ என்று போட்டுப் பின்னால் ஒரு வினையை வைத்தால், சட்டென்று தொடங்குவது. அழ ஆரம்பித்தாள், எச்சார்செ அ யொரார். இதற்கும் தமிழில் நேர்வழி கிடைக்காமல் ஒரு மணி நேரம் யோசித்தேன். அம்மா பாஷையில் கிடைத்தது: 'ஒரே ஓட்டமா ஓடிப் போட்டான்.' ஆனால் அது ஓடி முடித்தது, தொடங்கியது அல்ல. இழுத்துப் பிடித்துப் பொருத்த வேண்டாம் என்று விட்டுவிட்டேன். நாற்பது இடத்தில் உதவுகிற சாவி நாற்பத்தொன்றாவதில் உடைந்தால் பூட்டுக்காரனைக் கூப்பிட வேண்டியதுதான், அதாவது ஆசிரியையை.

அகராதி என்றால் ஸ்பானிஷ் அரச அகாதெமியின் அகராதியைப் பாருங்கள், இணையத்தில் இலவசம். 1713-இல் தொடங்கிய அமைப்பு. எச்சார் பக்கத்தை ஒரே மூச்சில் படிக்காதீர்கள். ஒவ்வொரு பொருளுக்கும் பக்கத்தில் போடு, விடு, இரண்டும் இல்லை என்று பென்சிலில் குறித்துக்கொண்டே போங்கள். எனக்கு மூன்று ஞாயிற்றுக்கிழமை ஆனது.

ஜூலை 15, காலை 7.25

கேள்வி கேட்ட தம்பி தனியாக எழுதியிருக்கிறார். மனப்பாடப் பட்டியலைக் கிழித்துப் போட்டுவிட்டாராம். 'கிழித்து எச்சார்' என்று எழுதி, சரியா என்று கேட்கிறார். சரியில்லை. கிழித்து என்பதற்கு ரொம்பேர், போட்டுவிட்டேன் என்ற அந்தத் துணைவினைக்கு ஸ்பானிஷில் ஒன்றும் வேண்டாம். குப்பைத் தொட்டியில் போட்டால் மட்டும் எச்சார் அ லா பசூரா என்று சொல்லலாம். எங்கே போட்டீர்கள் என்று சொல்லுங்கள்.

இன்னொரு கேள்வி, எச்சார்செ என்று மட்டும் தனியாக வந்தால்? படுத்துக்கொள்வது. தன்னைத்தானே போட்டுக்கொள்வது. நேற்று இரவு நாற்பத்தாறு அழைப்புகள். அதில் இரண்டு இன்சுலின், இரண்டும் கெட்டுப் போனவை, இரண்டையும் ஒழுங்காகப் பதிவு செய்தேன். பையன் பள்ளிக்குக் கிளம்பிவிட்டான், மாமியார் கோவிலுக்குப் போயாகிவிட்டது, கரண்ட் இருக்கிறது, கூலர் ஓடுகிறது. மே வோய் அ எச்சார். கட்டையைச் சாய்க்கப் போகிறேன், மதியம் வரை யாரும் எழுப்ப வேண்டாம்.